பெக்கோவில் பூட்டிய ரேடியோ

ஓட்டோவை வாங்க வந்தவர் ரேடியோவை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

"உது பழசு. நான் பெரிய ஸ்பீக்கரோடை புதுசு பூட்டப் போறன்," என்று சொல்லிக்கொண்டே அதைக் கழற்றி, பக்கத்தில் நின்ற யதுசிகாவின் கையில் கொடுத்தார். சிவப்பும் கறுப்பும் மஞ்சளுமாக வயர்கள் நண்டுக் கால்கள் போலத் தொங்கின.

ஓட்டோ வாசல் படலையைத் தாண்டி ஒழுங்கையால் திரும்பிப் போனது. அதன் சத்தம் கேட்காமல் போகும்வரை யதுசிகா ரேடியோவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். அப்பா படலையைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

அது அம்மாவின் ஓட்டோ. அம்மாவின் பெயர் உதயகலா. கோப்பாயில் அவர்கள் இருந்த பக்கத்தில் ஓட்டோ ஓடிய ஒரே பெண் அவர்தான். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போவார். பிறகு சந்தைக்குப் போகிறவர்களை ஏற்றுவார். "கலாவின்ரை ஓட்டோவிலை ஏறினால் பாட்டும் கேக்கலாம், பகிடியும் கேக்கலாம்" என்று ஊரில் சொல்வார்கள்.

போன மாரி மழைக் காலத்தில் அம்மாவுக்கு டெங்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்கு அம்மா தானே ஓட்டோவை ஓட்டிக்கொண்டு போனார். அதைத் திரும்ப வீட்டுக்கு ஓட்டி வந்தது பக்கத்து வீட்டுக்காரர்.

யதுசிகாவுக்குப் பதினொரு வயது. இப்போது வீட்டில் அவளும் அப்பாவும் மட்டும்தான்.

அப்பா கேதீஸ்வரனுக்குப் பெக்கோ ஓட்டுகிற வேலை. டயருக்குப் பதிலாக இரும்புச் சங்கிலி பூட்டிய பெரிய மஞ்சள் பெக்கோ அது. நீண்ட கையை நீட்டி மண்ணை வாரி, டிப்பர் லொறியில் கொட்டும். மழைக்கு முன் ஊர்க் குளத்தைத் தூர்வாரி முடிக்க வேண்டும் என்று அப்பா விடிந்ததும் போய்விடுவார்.

போவதற்கு முன் சமைத்தும் வைப்பார். பருப்பில் உப்புச் சரியாக இருந்தால் சோறு குழைந்திருக்கும். சோறு பதமாக வந்தால் பருப்பில் உப்பே இருக்காது. இரண்டும் ஒரே நாளில் சரியாக வந்ததை யதுசிகா இன்னும் காணவில்லை. இவ்வளவும் செய்துவிட்டு, தனக்குக் கட்டிய சாப்பாட்டுப் பெட்டியைக் குசினியிலேயே மறந்துவிட்டுப் போய்விடுவார்.

ஆகஸ்ட் விடுமுறை என்பதால் யதுசிகா மத்தியானம் அதைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு குளத்துக்குப் போவாள்.

ஓட்டோ போன மறுநாளும் போனாள். பெக்கோவின் எஞ்சின் நின்றிருந்தது. குளத்துக்குள் சத்தமே இல்லை. அப்பா பெக்கோவின் கண்ணாடிக் கூண்டுக்குள் தனியாக இருந்தார். இரண்டு கைகளும் பிடிகளின் மேல் இருந்தன. கண் எங்கேயோ இருந்தது.

"அப்பா, சாப்பாடு."

"வைச்சிட்டுப் போ பிள்ளை. பிறகு சாப்பிடுறன்."

பின்னேரம் பெட்டி திரும்பி வந்தபோது சோறு அப்படியே இருந்தது.

அம்மா இருந்தபோது மத்தியானம் இப்படி இருக்காது. அப்பா எங்கே வேலை செய்தாலும் அம்மா ஓட்டோவை அங்கேயே கொண்டு போவார். மர நிழலில் நிறுத்தி, பின் சீற்றில் உட்கார்ந்து இரண்டு பேரும் சாப்பிடுவார்கள். ரேடியோவில் மத்தியானப் பாட்டுகள் போகும். விடுமுறை நாளென்றால் யதுசிகா நடுவில் இருப்பாள்.

ஓட்டோவைத் திரும்பக் கொண்டுவர அவளால் முடியாது. ஆனால் ரேடியோ மேசைக்குக் கீழே ஒரு துணிக்குள் கிடக்கிறதே! அதைப் பெக்கோவுக்குள் பூட்டினால் என்ன?

அவள் இதைச் சொன்னது ஜஸ்ரினிடம். ஜஸ்ரின் குருநகரில் இருந்து வந்து, குளத்து மண்ணை டிப்பரில் ஏற்றிப் போய்க் கொட்டுகிறவன். எப்போதும் ஏதாவது பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருப்பான்.

"உது பெரிய வேலையே? சிவப்பைச் சிவப்போடை முடி, கறுப்பைக் கறுப்போடை முடி. பாட்டுப் படிக்கும்!" என்றான் ஜஸ்ரின்.

அடுத்த நாள் மத்தியானம், அப்பா கை கால் கழுவப் பக்கத்துத் தோட்டக் கிணற்றுக்குப் போன நேரம் பார்த்து இருவரும் வேலையைத் தொடங்கினார்கள். ஜஸ்ரின் பெக்கோவின் பக்கத்தில் இருந்த இரும்புக் கதவைத் திறந்தான். உள்ளே இரண்டு பெரிய பற்றறிகள் இருந்தன. கதவின் உட்பக்கம் 24V என்று ஒட்டியிருந்தது.

யதுசிகா கையில் இருந்த ரேடியோவைத் திருப்பிப் பார்த்தாள். அதன் அடியில் 12V என்று இருந்தது.

"ஜஸ்ரின் அண்ணை, நில்லுங்கோ! முடியாதேங்கோ!"

"ஏன் பிள்ளை?"

"ரேடியோவுக்குப் பன்னிரண்டு வோல்ற் தான் வேணும். இது இருபத்துநாலு."

"கூடக் குடுத்தா நல்லாத்தானே படிக்கும்? என்ரை டிப்பரும் இருபத்துநாலுதான். அதிலை ரேடியோ படிக்கேல்லையே?"

யதுசிகா ஓடிப்போய் டிப்பரில் ஏறி, அதன் ரேடியோவை உற்றுப் பார்த்தாள். "அண்ணை, இதிலை இருபத்துநாலு எண்டே போட்டுக் கிடக்கு! டிப்பரோடை சேத்துச் செய்தது. அம்மாவின்ரை வேறை."

ஜஸ்ரின் தலையைச் சொறிந்தான்.

"எங்கடை வகுப்பிலை கிருஷாந் எண்டு ஒருத்தன்," என்றாள் யதுசிகா. "விஞ்ஞான பாடத்திலை சின்ன மின்குமிழுக்கு ரெண்டு பற்றறி போடச் சொன்னவை. அவன் நாலு போட்டான். பளிச்செண்டு எரிஞ்சுது. பிறகு எரியவே இல்லை."

"ஐயோ மாதாவே! அப்ப இதையும் எரிச்சிருப்பன்," என்று ஜஸ்ரின் சட்டென்று கையை எடுத்தான். பற்றறிகளைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். திடீரென்று முகம் மலர்ந்தது.

"பிள்ளை, இஞ்சை பார். ரெண்டையும் ஒண்டோடை ஒண்டு தொடுத்திருக்கு. ஒவ்வொண்டும் பன்னிரண்டு. ரெண்டும் சேந்தாத்தான் இருபத்துநாலு. நாங்கள் ஒண்டிலை இருந்து மட்டும் எடுப்பம்!"

யதுசிகா மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். கணக்குச் சரியாகத்தான் இருந்தது.

அப்பா திரும்பி வந்தபோது கூண்டுக்குள், ஜஸ்ரின் தேடிப் பிடித்த ஒரு நிலையத்தில் பாட்டு ஒலித்துக்கொண்டிருந்தது. அவர் சேற்றில் கால் வைத்தபடி அப்படியே நின்றுவிட்டார். ஜஸ்ரின் மெதுவாக டிப்பரின் பின்னால் போய்விட்டான். அப்பா ஏசுவாரோ என்று யதுசிகா பார்த்துக்கொண்டு நின்றாள்.

அப்பா ஏசவில்லை. ஏறி உள்ளே உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் பாட்டைக் கேட்டார். பிறகு சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து, பாதி சாப்பிட்டார்.

பாதிதான். ஆனாலும் யதுசிகா வீடு வரும்வரை சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தாள்.

அதன் பிறகு அப்பா மத்தியானத்தில் ரேடியோவைப் போட்டுக்கொண்டுதான் சாப்பிட்டார். பின்னேரம் வேலை முடிந்தும் உடனே வீட்டுக்கு வர மாட்டார். எஞ்சினை நிறுத்திவிட்டு, பாட்டைக் கேட்டுக்கொண்டு இருட்டும்வரை கூண்டுக்குள் இருப்பார் என்று ஜஸ்ரின் சொன்னான்.

இரண்டு கிழமை இப்படிப் போனது. ஒரு நாள் காலையில் பெக்கோவின் எஞ்சின் எழும்ப மறுத்துவிட்டது.

யதுசிகா சாப்பாட்டோடு போய்ச் சேர்ந்தபோது ஜஸ்ரினின் டிப்பரைக் காணவில்லை. வேறு வேலையாக வட்டுக்கோட்டைக்குப் போயிருந்தான். வேலையாட்கள் கரையில் சும்மா இருந்தார்கள். அப்பா ஃபோனைக் காதில் வைத்தபடி நின்றார். அந்தப் பக்கத்தில் வேலையைப் பொறுப்பெடுத்தவர் சத்தம் போடுவது இங்கே வரை கேட்டது. மழை வரப் போகிறது, ஒரு முழு நாள் வீணாகிறது, என்ன பெக்கோ ஓட்டுகிறாய் என்றெல்லாம் கேட்டார்.

"ஓம் ஐயா. ஓம். விளங்குது ஐயா," என்றார் அப்பா.

ஃபோனை வைத்துவிட்டு இரும்புக் கதவைத் திறந்து காட்டினார்.

"ரெண்டும் ஒரே நாள் வாங்கிப் பூட்டின பற்றறி. ஒண்டு நல்லாக் கிடக்கு. மற்றது செத்துப் போச்சு."

செத்துப்போன பற்றறியில்தான் ரேடியோவின் வயர் தொங்கியது. அப்பா அதை இழுத்துக் கழற்றினார். கூண்டுக்குள் ஏறி ரேடியோவையும் கழற்றிக்கொண்டு வந்து யதுசிகாவிடம் நீட்டினார்.

"கொண்டு போ. இனி இதுக்குள்ளை ஒண்டும் பூட்ட வேண்டாம்."

"அப்பா..."

"அம்மா போயிட்டா. அவவின்ரை சாமானைப் பூட்டினால் அவ திரும்பி வருவாவே?"

அவர் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல் யதுசிகாவைச் சுட்டது. அவள் சைக்கிளை மிதிக்கவில்லை. வீடு வரும்வரை உருட்டிக்கொண்டே வந்தாள். கண்ணீர் விழுந்து ரேடியோவை நனைக்காமல் இருக்க, அதைப் பையின் அடியில் வைத்திருந்தாள்.

அடுத்த நாள் ஜஸ்ரின் டிப்பரைக் கொண்டுவந்து, அதன் பற்றறியில் இருந்து வயர் கொடுத்துப் பெக்கோவை எழுப்பினான் என்று கேள்விப்பட்டாள். புதுப் பற்றறியும் வந்துவிட்டது. ஆனால் அப்பா மறுபடியும் சாப்பாட்டைத் திருப்பிக் கொண்டுவரத் தொடங்கினார்.

யதுசிகாவுக்கு ஒன்று மட்டும் பொறுக்கவில்லை. அம்மாவின் ரேடியோதான் பற்றறியைக் கெடுத்தது என்று அப்பா நினைத்துக்கொண்டிருக்கிறார். அது ஓட்டோவில் எத்தனையோ வருடம் இருந்தது. ஒரு நாளும் ஓட்டோ எழும்பாமல் நின்றதில்லை. அப்படியானால் பிழை எங்கே?

கிணற்றடியில் வாளி தூக்கும்போது யோசித்தாள். இரண்டு பேர் சேர்ந்து ஒரு பெரிய அண்டாவைத் தூக்குகிறார்கள். ஒருவருடைய தோளில் மட்டும் இன்னொரு குடத்தையும் வைத்தால்? அவர்தான் முதலில் களைத்து விழுவார். ஒரு பற்றறிக்கு இரண்டு வேலை. மற்றதற்கு ஒரு வேலை.

'கணக்குச் சரி. ஆனா அந்தப் பற்றறி பாவம்,' என்று நினைத்தாள்.

பிழை விளங்கிவிட்டது. வழிதான் தெரியவில்லை.

வழி கிடைத்தது பஸ்ஸில். விடுமுறையிலும் அவளுக்கு யாழ்ப்பாணத்தில் ரியூசன் வகுப்பு இருந்தது. அன்று பஸ்ஸில் முன் சீற்றில், சாரதிக்குப் பக்கத்தில் இடம் கிடைத்தது. பஸ்ஸுக்குள் பாட்டு அதிர்ந்துகொண்டிருந்தது. ரேடியோவைப் பார்த்ததும் யதுசிகா நிமிர்ந்து உட்கார்ந்தாள். அதே வடிவம். அதே பச்சை வெளிச்சம். அம்மாவுடையதைப் போலவே ஒன்று!

பஸ் நின்று எல்லாரும் இறங்கியபோது அவள் இறங்கவில்லை.

"மாமா, உங்கடை பஸ்ஸிலை எத்தினை பற்றறி?"

சாரதி இளையதம்பி திரும்பிப் பார்த்தார். நரைத்த மீசைக்காரர்.

"ரெண்டு. ஏன் பிள்ளை, பஸ் வாங்கப் போறியோ?"

"இல்லை மாமா. அப்ப இது இருபத்துநாலு வோல்ற். இந்த ரேடியோ பன்னிரண்டு வோல்ற். பிறகு எப்பிடி எரியாமல் படிக்குது? ஒரு பற்றறியிலை இருந்து மட்டும் எடுத்திருக்கிறியளோ?"

"சீச்சீ! அப்பிடி எடுத்தா அந்தப் பற்றறி கெதியாச் செத்துப்போமெல்லோ."

"ஓம் மாமா, செத்துப் போச்சு," என்றாள் யதுசிகா. அவள் குரல் உடைந்தது.

இளையதம்பியின் முகத்தில் இருந்த சிரிப்பு மறைந்தது. அவர் குனிந்து, ரேடியோவுக்குக் கீழே இருந்த மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே கைக்கு அடக்கமான ஓர் அலுமினியப் பெட்டி இருந்தது. சீப்பின் பற்களைப் போல அதில் வரிவரியாக மடிப்புகள் இருந்தன.

"உதுக்குக் கொன்வேற்றர் எண்டு பேர். ரெண்டு பற்றறியும் சேந்து இருபத்துநாலைக் குடுக்கும். உது அதைப் பன்னிரண்டாக் குறைச்சு ரேடியோவுக்குக் குடுக்கும். தொட்டுப் பார், சூடாக் கிடக்கும். வேலை செய்யுதெல்லோ!"

யதுசிகா தொட்டுப் பார்த்தாள். இளஞ்சூடாக இருந்தது.

"அப்ப ரெண்டு பற்றறிக்கும் ஒரே அளவு பாரம்?"

"ஓம். ரெண்டுக்கும் ஒரே அளவு."

அன்று அவள் வகுப்புக்குப் பிந்தித்தான் போனாள். வீட்டுக்கு வந்ததும் வராததுமாகக் குளத்துக்குச் சைக்கிளில் பறந்து, கரையில் நின்ற ஜஸ்ரினிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

ஜஸ்ரின் அன்று பாட்டு முணுமுணுக்கவில்லை.

"பிள்ளை, உன்ரை அப்பா ஏச்சு வாங்கினது என்னாலை. எனக்கு அண்டையிலை இருந்து நித்திரை இல்லை. அந்தப் பெட்டியை நானே எடுத்துக்கொண்டு வாறன்."

சொன்னபடியே அடுத்த நாள் ஒரு சின்னப் பெட்டியோடு வந்தான். அப்பா கிணற்றடிக்குப் போயிருந்தார். ஜஸ்ரின் இரும்புக் கதவில் கை வைத்தான்.

"கெதியாப் பூட்டுவம். அவர் வரமுதல் பாட்டுப் படிக்கோணும்."

"வேண்டாம் அண்ணை," என்றாள் யதுசிகா. "போன முறை கேக்காமல் பூட்டினனாங்கள். இந்த முறை அப்பாவைக் கேப்பம். அவர் வேண்டாம் எண்டால் வேண்டாம்."

அப்பா ஈரக் கையைத் துவாயால் துடைத்தபடி வந்தார். யதுசிகா பெக்கோவின் சங்கிலிக்குப் பக்கத்தில் நின்றாள். ஒரு கையில் ரேடியோ, மறு கையில் அலுமினியப் பெட்டி.

"அப்பா, ஒரு கதை சொல்லோணும். ஏசக் கூடாது."

"சொல்லு."

"அம்மாவின்ரை ரேடியோ பற்றறியைக் கெடுக்கேல்லை. நாங்கள் பூட்டின விதம்தான் பிழை. ஒரு பற்றறியிலை மட்டும் பாரத்தைப் போட்டிட்டம். அது தனியத் தாங்கேலாமல் செத்துப் போச்சு. இந்தப் பெட்டியைப் பூட்டினால் ரெண்டும் சேந்து சுமக்கும்." அவள் மூச்சு வாங்கினாள். "அம்மா திரும்பி வரமாட்டா எண்டு எனக்குத் தெரியும் அப்பா. நீங்கள் தனியச் சாப்பிடாமல் இருக்கிறதைப் பாக்கத்தான் ஏலாமல் கிடக்கு."

அப்பா அவளையே பார்த்தார். பிறகு கையை நீட்டி அலுமினியப் பெட்டியை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஜஸ்ரின்," என்று கூப்பிட்டார்.

டிப்பரின் பின்னால் ஒளிந்து நின்ற ஜஸ்ரின் தலையை நீட்டினான். "ஓம் அண்ணை?"

"ஸ்க்ரூ ட்ரைவரை எடு. ஒரு ஃபியூஸும் வேணும்."

இந்த முறை அப்பாவே பூட்டினார். இரண்டு பற்றறிகளின் வயரையும் பெட்டியின் ஒரு பக்கத்தில் கொடுத்தார். மறுபக்க வயரை ரேடியோவுக்கு இழுத்தார். ஒவ்வொரு முடிச்சையும் இரண்டு தரம் இழுத்துப் பார்த்து, கறுப்பு நாடாவால் சுற்றினார். யதுசிகா கூண்டின் வாசல் படியில் நின்று வயர்களைப் பிடித்துக் கொடுத்தாள். ஜஸ்ரின் டிப்பரடிக்குப் போய் வேலையாட்களோடு சாப்பிட உட்கார்ந்தான்.

"அண்டைக்கு உன்னை நோகப் பண்ணிப்போட்டன், என்ன?" என்றார் அப்பா, வயரைப் பார்த்தபடியே.

"பரவாயில்லை அப்பா."

ரேடியோவில் பச்சை வெளிச்சம் வந்தது. ஆனால் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. அம்மா பொத்தான்களில் பதிந்து வைத்த நிலையங்கள் ஓட்டோவில் இருந்து கழற்றியபோதே அழிந்துவிட்டன; ஜஸ்ரின் பிடித்ததும் இப்போது போய்விட்டது.

யதுசிகா உதவப் போனாள். அதற்குள் அப்பா தானே தேடத் தொடங்கிவிட்டார். ஒரு நிலையத்தைப் பிடித்து முதல் பொத்தானை அழுத்திப் பிடித்தார்.

"காலமைச் செய்தி. அம்மா வெளிக்கிடேக்கை கேக்கிறது," என்றார்.

இன்னொன்றைத் தேடி இரண்டாவது பொத்தானில் பதிந்தார். "பள்ளிக்கூடப் பிள்ளையள் ஓட்டோவிலை இருந்தால் இது."

மூன்றாவதைப் பிடித்ததும் ஒரு பழைய பாட்டு வந்தது. அப்பாவின் விரல் பொத்தானிலேயே நின்றது.

"இதுதான்... மத்தியானம்," என்றார். "கலா இந்தப் பாட்டை எப்பவும் பிழை பிழையாத்தான் படிப்பா. தெரியாத இடத்திலை என்ரை பேரைப் போட்டு நிரப்புவா. நான் திருத்தினால் இன்னும் பெலத்துப்..."

அதற்கு மேல் அவரால் சொல்ல முடியவில்லை. துவாயை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். அவருடைய தோள்கள் குலுங்கின. பிறகு சத்தம் வந்தது. சின்னப் பிள்ளை அழுவதைப் போன்ற சத்தம். அம்மாவைக் கொண்டுபோன அன்றுகூட அப்பா இப்படி அழுது யதுசிகா பார்த்ததில்லை.

அவளுக்கும் அழுகை வந்தது. ஆனாலும் அவள் வெளியே திரும்பிப் பார்த்தாள். டிப்பரடியில் வேலையாட்கள் இருந்தார்கள். அப்பா அழுவது அவர்களுக்குக் கேட்கக் கூடாது.

அவள் ஒரு கையால் அப்பாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். மறு கையால் ரேடியோவின் சத்தத்தை மெதுவாகக் கூட்டினாள். இன்னும் கூட்டினாள். பாட்டு குளம் முழுவதும் கேட்டது.

"என்ன பிள்ளை, உவ்வளவு சத்தம்?" என்று ஜஸ்ரின் அங்கிருந்து கத்தினான்.

யதுசிகா கண்ணைத் துடைத்துக்கொண்டு, கூண்டின் கதவை நன்றாக மறைத்தபடி நின்றாள்.

"அப்பாவுக்கு இந்தப் பாட்டு நல்ல விருப்பம் அண்ணை! முடியட்டும், குறைக்கிறன்!"